மலாவி அப்பாவின் கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை காலை குகதாசன் அண்ணா என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிரின்ட் அவுட்.

"அக்கா, இதுக்கொரு பதில் எழுதித் தாங்கோ."

வாசித்தேன். முடியாது என்றேன்.

நானா மறுத்தேன்? எனக்கே ஆச்சரியம்தான். கல்யாண வாழ்த்து, கோயில் மலர், பார்க்கிங் தகராறு... யார் வந்து கேட்டாலும் எழுதிக் கொடுக்கிற கை இது. ஆனால் இந்தக் கடிதத்துக்கு மட்டும் நான் எழுதக் கூடாது என்று தோன்றிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

குகதாசன் அண்ணா லண்டன் சட்டனில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். சொந்தமாக ஒரு ஃபார்மஸி, கூடவே தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். யாருக்கு வயது அதிகம் என்ற ஆராய்ச்சியில் இருவருமே இறங்குவதில்லை.

எங்கள் சங்கம் மூன்று வருடமாக ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் ஒரு கிராமத்துப் பள்ளியோடு கூட்டு வைத்திருக்கிறது. தூரத்துக் கிராமங்களிலிருந்து பெண் பிள்ளைகள் மூன்று மணி நேரம் நடந்து வருவார்கள். கொஞ்ச நாளில் நின்றுவிடுவார்கள். அதனால் அந்த ஊர்க்காரர்கள் செங்கல் சுட்டார்கள், நாங்கள் டின்னர் நடத்திப் பணம் சேர்த்தோம். பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு ஹாஸ்டல் எழும்பியது. கட்டில், கொசுவலை, கதவுக்கு உறுதியான பூட்டு — எல்லாம் தயார்.

ஆனால் பாதிக் கட்டில்கள் காலி!

ஜூமில் வந்த தலைமை ஆசிரியை கிரேஸ் காரணத்தைச் சொன்னார். அப்பாமார்கள் பயப்படுகிறார்கள். பெண்ணை எப்படி வெளியே தங்க விடுவது? மகன் என்றால் அனுப்புவார்களாம். "நான் சொன்னால் டீச்சர் அப்படித்தான் சொல்வாள் என்கிறார்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஓர் அப்பா எழுதினால் கேட்பார்கள். இந்த முறை அதைத்தான் கேட்கிறேன்."

எல்லோரும் செயலாளரைப் பார்த்தோம். செயலாளர் அன்று மாலையே என்னிடம் வந்துவிட்டார். "நான் இங்கிலீஷில எழுதினா கவுன்சிலுக்குக் கம்ப்ளெயின்ட் எழுதினமாதிரித்தான் வரும் அக்கா. நீங்கள் தமிழில எழுதுங்கோ. ஆரணி இங்கிலீஷ் ஆக்குவாள்."

ஆரணி அவருடைய மகள். பதினெட்டு வயது. அவளுக்கு ஸ்காட்லாந்தில், கடலோரத்து அபர்டீன் யுனிவர்சிட்டியில் கடல் உயிரியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. அனுப்ப மாட்டேன் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார்.

"லண்டனில இல்லாத படிப்பே?"

"லண்டன்ல கடல் எங்க இருக்கு அப்பா?"

அவளுடைய அண்ணன் நியூகாஸிலில் ஹாஸ்டலில் தங்கித்தான் படித்தான். அதைச் சொன்னால், "அவன் பெடியனெல்லோ" என்று முடித்துவிடுவார். எந்த யுனிவர்சிட்டியை ஏற்றுக்கொள்கிறாள் என்று இணையத்தில் கிளிக் பண்ண அவளுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுத உட்கார்ந்தேன். குத்திக் காட்டும் எண்ணம் இல்லை, சத்தியமாக. ஆனால் பேனா என் பேச்சைக் கேட்கவில்லை. பதினேழு வயதில் எனக்கு டெல்லியில் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. "இங்கேயே பி.எஸ்ஸி. படிம்மா, போதும்" என்றார் என் அப்பா. நல்ல மனிதர். பாசத்தால்தான் சொன்னார். இருந்தும் அந்த வலி இன்னும் போகவில்லை. குகதாசன் அண்ணாவின் பெயரில் மலாவிக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு நான் என் அப்பாவுக்குத்தான் எழுதினேன்.

"நானும் ஒரு பெண்ணின் அப்பா. பயம் போன பிறகு அனுப்பலாம் என்று காத்திருந்தால் நாம் அனுப்பவே மாட்டோம். பயத்தோடுதான் அனுப்ப வேண்டும்."

இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் ஆரணி லேப்டாப்பைத் திறந்தாள். நானும் இருந்தேன். மொழிபெயர்த்ததை ஒவ்வொரு வரியாக அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நிறுத்தினாள்.

"அப்பா, இஸ் திஸ் வாட் யூ மீன்?"

"ஓம்."

அடுத்த வரி.

"இஸ் திஸ் வாட் யூ மீன்?"

"ஓம் பிள்ளை... ஓம்."

குரலில் கோபமில்லை, கிண்டலுமில்லை. அவள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பிரின்ட் எடுத்துப் பேனாவை நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார். யாரும் அபர்டீன் என்ற பெயரையே எடுக்கவில்லை. எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கொண்டுவந்தது அதற்கு வந்த பதில். சோளம் பயிரிடும் ஒரு விவசாயி சொல்லச் சொல்ல கிரேஸ் டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார்.

"உங்கள் கடிதத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். போன வாரம் என் மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது. இங்கே யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். உங்களுக்குப் புரியும். உங்கள் மகள் எவ்வளவு தூரத்தில் படிக்கிறாள்? முதல் வாரத்தை எப்படித் தாங்கினீர்கள்?"

இதற்கு நான் என்ன எழுதுவது?

"இதை மட்டும் நீங்களே எழுதுங்க அண்ணா" என்றேன்.

அவர் எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. டீ ஆறும்வரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அபர்டீனுக்கு எத்தனை மணித்தியாலம் அக்கா?"

"ரயில்ல ஏழு மணி நேரம் அண்ணா."

"பொய் எழுத ஏலாது" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை ஆரணி ஓடிவந்தாள். அவள் கையில் அப்பாவின் பதில், அவரே இங்கிலீஷில் எழுதியது. திருத்திக் கொடு என்று மகளிடம் கொடுத்திருக்கிறார். அவள் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. எனது மகள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். செப்டம்பரில் போகிறாள். ரயிலில் ஏழு மணித்தியாலம். முதல் வாரத்தை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியாது. தாங்கள் தாங்கியதும் உடனே அறியத் தரவும்."

கவுன்சிலுக்கு எழுதியது போலத்தான் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கிளிக் பண்ணிட்டேன் ஆன்ட்டி" என்றாள் ஆரணி.

சங்கத்தின் ஆண்டறிக்கையில் 'மலாவிக்கு நாம் செய்த உதவி' என்று ஒரு பக்கம் வரும். இந்த வருடம் யார் யாருக்கு உதவினார்கள் என்று போடப் போகிறார்களோ... அதையும் என்னிடம்தான் எழுதச் சொல்வார்கள்!