அம்மனுக்குப் போட்ட வெடி

என் வீட்டுக்காரர் வெள்ளைக்காரன் நடத்திய பெரிய சண்டைக்குக் கடல் தாண்டி பாஸ்ரா போய்த் திரும்பியவர். துப்பாக்கி பிடித்தவர் என்று ஊரில் பேச்சு. உண்மையில் பட்டாளத்துக்குப் பின்னால் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு போனவர். இதை நான் யாரிடமும் திருத்தியதில்லை. பட்டாளத்தான் பெண்டாட்டி என்றால் மீன்காரிகூட நல்ல மீனாகப் பார்த்துத் தருவாள்.

என் கவலை வேறு. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒழுங்காகத் தூங்கி நான் பார்த்ததில்லை. பானை மூடி விழுந்தால் போதும், மனிதர் சுவரோடு ஒட்டிக்கொள்வார். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். இப்படியே போனால் ஆளை இழந்துவிடுவேன் என்று பயந்தேன். "ஆளரவம் இல்லாத எடமா பாத்துக் கூட்டிட்டுப் போ" என்றார் வைத்தியர்.

அப்படி ஓர் இடம் எங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது? முதலில் உதயகிரிக் கோட்டைக்குப் போனோம். நல்ல நிழல், நல்ல காற்று. கட்டுச்சோற்றைப் பிரிப்பதற்குள் மாடு மேய்க்கிறவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ராஜா காலத்தில் பீரங்கி வார்த்தது இங்கேதான் என்று தொடங்கி, அது எத்தனை பேரைச் சாய்த்தது என்பதுவரை சொல்லிவிட்டு எங்கள் மாங்காய் ஊறுகாயையும் முடித்துக்கொண்டு போனார்.

அடுத்தது குளச்சல் கடற்கரை என்று முடிவு செய்தேன். மாமியாரும் வண்டியில் ஏறிக்கொண்டார். மகன் சண்டையிலிருந்து முழுசாகத் திரும்பினால் கடலோரத்து அம்மனுக்கு வெடி போடுவதாக அவர் நேர்ந்திருந்தார். எங்கள் பக்கம் அப்படி ஒரு நேர்ச்சை உண்டு. கட்டைக் குழாய் போன்ற இரும்புக் குற்றியில் வெடிமருந்தை இடித்து நிரப்பிக் கொளுத்தினால் அடுத்த ஊர்வரை கேட்கும். மகன் நடுங்குவதைப் பார்த்து இத்தனை காலம் தள்ளிப்போட்டிருந்தார்.

"நேர்ச்ச பாக்கி கெடக்கு மக்களே. அதான் அவனுக்கு ஒறக்கம் இல்ல" என்றார் என்னிடம்.

"சத்தத்துக்குப் பயப்படுகவருக்கு வெடியா?" என்று கேட்டேன்.

"அம்மைக்குல்லா போடுகோம். அவனுக்கா போடுகோம்?"

நாங்கள் கரையோரமாக வெகுதூரம் நடந்த பிறகு வெடி போடுவது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். பொறுமைக்கும் அவருக்கும் வெகுதூரம் என்பதை மறந்துபோனேன்.

கோயிலைத் தாண்டிக் கொஞ்சம்தான் நடந்திருப்போம். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வழிமறித்து, "ராஜா காலத்துல இஞ்சதான் டச்சுக்காரன் படையோட வந்து எறங்கினான்" என்றார். இங்கேயும் சண்டையா என்று எனக்கு எரிச்சல். அவரோ, "நம்ம ஆளுவ பனந்தடிய வண்டியில சாய்ச்சு வச்சு, பீரங்கின்னு காட்டி ஏமாத்தினாவ" என்றார்.

"பனந்தடியா?" என்று கேட்டு என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் நான் உலகத்தையே மறந்தேன். அப்போது கோயில் பக்கம் வெடி வெடித்தது.

அடுத்த நொடி நான் மணலில் குப்புறக் கிடந்தேன். அவர் என்மேல் கவிழ்ந்து, இரண்டு கையாலும் என் தலையைப் பொத்தியிருந்தார். என் வாயெல்லாம் மணல். வலைக்காரர் மரியாதையாகக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"தலையத் தூக்காத" என்றார் என் வீட்டுக்காரர். உடம்பு முழுக்க நடுங்கியது, கை மட்டும் விடவில்லை. சத்தம் அடங்கி வெகுநேரம் கழித்து என் காதருகே சொன்னார்: "அங்க சண்டையில ஒருத்தன் எனக்கு ரெண்டடி தள்ளித்தான் நின்னான். குண்டு விழுந்தப்ப இப்பிடிப் பிடிச்சுக் கெடத்த எனக்குக் கை எட்டல."

அப்படியே கிடந்து அழுதார். நானும் அழுதேன்.

பிரசாதத்தோடு வந்த மாமியார் எங்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பட்டப்பகல்ல என்னட்டி இது, நேர்ச்ச கழிக்க வந்த எடத்துல" என்று எனக்குத்தான் ஏச்சு.

திரும்பும் வழியில் வண்டி ஆடிய ஆட்டத்தில் என் இடுப்பே கழன்றுவிட்டது. அவர் என் மடியில் தலைவைத்து, வாயைப் பிளந்துகொண்டு, இரணியல் வரும்வரை தூங்கினார். "பாத்தியா, வெடி போட்டதும் ஒறங்கிட்டான்" என்றார் மாமியார். நான் மடியிலிருந்த தலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டேன்.

மறுவருஷம் இன்னும் பெரிய வெடியாகப் போடவேண்டும் என்று மாமியார் கிளம்பினார். நான் வேண்டாம் என்று சண்டைக்கு நின்றேன்.

"அம்ம போடட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். "இவ எனக்குக் கை எட்டுக தூரத்துல நின்னா போரும்."