ஐந்தாம் அறைக்காரர்

பூட்ஸைக் கழற்றாமல் கட்டிலில் நீட்டிப் படுத்து, மேலே உத்திரத்தைப் பார்த்து, "இந்த ரூம்ல ஒரு சக்தி இருக்கு லா," என்கிறார் ஜெயபாலன். மாதா மாதம் மலாக்காவுக்கு வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம் இது. பெட்டியைத் தூக்கி வந்த ஆள் தலையாட்டுகிறான். சக்தி இல்லை என்று சொன்னால் யாருக்கு லாபம்?

பிறகு எழுந்து சுவரைத் தட்டிப் பார்க்கிறார். "டச்சுக்காரன் செங்கல். இப்ப எவன் இப்படிச் சுடுறான்?" செங்கல்லைச் சுட்டது யார் என்று அவருக்குத் தெரியாது. தட்டினால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று தெரியும்.

அவர் கோலாலம்பூர்க்காரர். ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். நாற்பத்தைந்து வயது, கறுப்புச் சாயம் ஏற்றிய மீசை, கழுத்தை இறுக்கும் டை. கூடப் பிறந்த தங்கை இதே மலாக்காவில், செமாபோக்கில் இருக்கிறாள். போன ஆகஸ்டில் இந்த ஓட்டல் திறக்கிற வரையில் அங்கேதான் தங்கி, அவள் சமைத்ததைக் குறை சொல்லிக்கொண்டு சாப்பிட்டுவந்தார். இப்போது போவதில்லை. "அங்க கொசு. அட்மாஸ்பியரும் கிடையாது," என்கிறார்.

அட்மாஸ்பியர் காஜா பெராங் தெருவில் கிடைக்கிறது. அங்கே மலாக்காச் செட்டிகளின் கோயில்களுக்கு நடுவே இருந்த பழைய சாமியார் மடம்தான் இந்த ஓட்டல். கப்பலிறங்கிய பரதேசிகள் மூன்று தலைமுறையாகச் சாப்பிட்டுத் தூங்கிப் போன இடம். கூரை மாற்ற வழியில்லாமல் மடத்துச் சபையார் விற்றார்கள். அரிசி காண்ட்ராக்டர் மருதமுத்து வாங்கினார். சிங்கப்பூரிலிருந்து கட்டடத்துக்குப் படம் போடுகிற ஒருவரை வரவழைத்து, 'ஓட்டல் ஆசிரமம்' என்று மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முதல் நாள் திறந்தார்.

படம் போட்டவருக்கு எதையும் தூக்கி எறிய மனமில்லை. சந்தனம் அரைத்த கல்லில் சோப்பு வைக்கிறார்கள். விபூதிக் கொப்பரையில் சிகரெட் சாம்பல் தட்டுகிறார்கள். என்றோ செத்த யாரோ ஒரு சாமியாரின் பாதக்குறடு, வரவேற்பு மேசைக்கு மேலே சுவரில் ஆணியடிக்கப்பட்டு, ஒரு சின்ன விளக்கின் கீழே மாட்டியிருக்கிறது. சுவர்களுக்கு இளஞ்சிவப்பும் பச்சையும். கூடத்தில் இரும்புக் குழாயை வளைத்துச் செய்த நாற்காலிகள். உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். காலையில் ஒவ்வொரு விருந்தாளிக்கும் அவரவர் அறையிலேயே ஆசிரமச் சாப்பாடு உண்டு. தரையில் பாய், குத்துவிளக்கு, ஊதுவத்தி, வாழையிலை. இலையில் இரண்டு இட்லி, ஓர் ஆம்லெட்.

ஜெயபாலன் இதில் உருகிப்போகிறார். "நம்ம நாடு நம்ம கைக்கு வந்துடுச்சு. இனிமே நம்ம ருசி வரணும் லா," என்று, வாயில் ஆம்லெட்டோடு, பரிமாறுகிறவளிடம் சொல்கிறார். அவள் ஜாவாக்காரி. தமிழ் தெரியாது.

பக்கத்துக் கோயிலில் விடியற்காலையில் மணி அடிக்கிறார்கள். ஓட்டல் திறந்த முதல் மாதமே அதைப் பற்றி ஜெயபாலன் மருதமுத்துவிடம் பிராது சொன்னார். "மணிச் சத்தம் இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு. ஏழு மணிக்கு மேல அடிக்கச் சொல்லுங்க."

எப்போது வந்தாலும் அவருக்கு ஐந்தாம் அறைதான். பின்கட்டில், முற்றத்தைப் பார்த்த அறை. தனிக் குளியலறை உண்டு. அதைக் கழுவுகிறவள் வந்துபோக முற்றத்துப் பக்கம் ஒரு கதவும் உண்டு. அந்த அறையில் ஒரு சித்தர் சமாதியானார் என்கிறார் ஜெயபாலன். எந்தச் சித்தர், எந்த வருடம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற நிலையில் அவர் ஆட்களை வைப்பதுமில்லை. பாலிசி எடுக்கத் தயங்குகிறவர்களை, ஊருக்கு வெளியே புக்கிட் ரம்பாயிலிருந்துகூட, டாக்சியில் ஏற்றி அந்த அறைக்குக் கொண்டுவருகிறார். ஊதுவத்தி கொளுத்துகிறார். சித்தர் உட்கார்ந்த இடம் என்று ஒரு மூலையைக் காட்டுகிறார். குரலைத் தாழ்த்துகிறார். "மனுசன் காத்து மாதிரி, மிஸ்டர். இங்க ஒருத்தர் உக்காந்திருந்தார். இப்ப எங்க?" வந்தவர் மூலையைப் பார்க்கிறார், பெண்டாட்டி பிள்ளைகளை நினைக்கிறார், பேனாவை வாங்குகிறார். கம்பெனி இந்த வருடம் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்திருக்கிறது.

அந்த அறையில் ஒருவர் செத்தது உண்மை. சித்தரில்லை. இராமலிங்கம் என்ற மடத்துக் காவல்காரர். போன மார்ச்சில், வயிற்று நோயில், அந்த மூலையிலேயே கிடந்து செத்தார்.

அவருடைய மனைவி சிவகாமசுந்தரி. மலாக்காச் செட்டி. பெயர் தமிழ், சாமி தமிழ், உடுப்பும் பேச்சும் மலாய். மடத்தை விற்றபோது அறையைக் காலிசெய்து, அண்ணன் ராமச்சந்திரன் வீட்டுக்குப் போனாள். அதே தெருதான். சண்டை போடவில்லை, ஈடு கேட்கவில்லை. புதிய முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "லாக்கி சாயா மாத்தி சினி, தவுக்கே. சாத்து டாவுன் சாஜா." என் புருசன் இங்கே செத்தார், முதலாளி. ஒரே ஓர் இலை போதும்.

போகியன்று செட்டிகள் இறந்தவர்களுக்கு இலை போடுகிறார்கள். பார்ச்சு என்று அதற்குப் பெயர். படைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். வந்தவர் கூச்சமில்லாமல் சாப்பிடுவதற்கு. சற்றுப் பொறுத்துக் கதவைத் தட்டி, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டு, பிறகு திறக்கிறார்கள். சிவகாமசுந்தரியின் குடும்பத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. செத்த முதல் வருடம், உயிர் போன அறையிலேயே இலை போட வேண்டும். அங்கே ஒரு தரம் சாப்பிட்டவர்தான் மறு வருடத்திலிருந்து வீட்டுக்கு வருவார். முதல் இலை தவறினால் அவருக்கு எந்த வீட்டுக்கும் வழி தெரியாது. அவள் இதை நம்பினாள். மருதமுத்து நம்பவில்லை, ஆனாலும் சரி என்றார்.

இந்த வருடப் போகி ஜெயபாலன் தங்கியிருந்த வாரத்தில் வந்தது.

"சார், மத்தியானம் ஒரு மணி நேரம் ரூமை விடணும்," என்றார் மருதமுத்து. "செட்டிக்காரவங்க படையல் போடுறாங்க."

"என் ரூம்லயா? யாரைக் கேட்டு?"

"முன்னாடியே வாக்குக் குடுத்துட்டேன் சார். அந்தம்மா புருசன் அங்கதான் செத்தாரு."

"அங்க செத்தது சித்தர்தானே?"

"அது நீங்க சொல்றது, சார்."

ஜெயபாலன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "சரி, போடட்டும். டவுன்ல எனக்கு ஒரு பாலிசி பார்ட்டி இருக்கு, போயிட்டு வர்றேன். ரூமை நாஸ்தி பண்ணாம பாத்துக்கங்க."

அவர் போன பிறகு சிவகாமசுந்தரி சட்டிகளோடு வந்தாள். வெள்ளைக் கெபாயாச் சட்டை, துவைத்து மங்கிய சாரோங். இரும்புக் குழாய் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, மூலையில் பாய் விரித்தாள். விளக்கேற்றி இலையைப் போட்டாள். தேங்காய்ப்பால் சோறு, புளி ஊற்றிய திருக்கைக் குழம்பு, இறால் சம்பல். வைத்தியர் வேண்டாம் என்று தடுத்திருந்ததால் கடைசி மூன்று மாதம் இராமலிங்கம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது அந்த இறால் சம்பல். இலையோரத்தில் ஒரு சுருட்டு. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். நடையில் அண்ணன், அண்ணனுடைய பிள்ளைகள், மருதமுத்து. எல்லோரும் நின்றார்கள். பிள்ளைகளில் ஒன்று ஏதோ கேட்க வாயைத் திறந்தது. ராமச்சந்திரன் அதன் தலையில் கை வைத்தார்.

நேரம் போனது. சிவகாமசுந்தரி கதவைத் தட்டினாள். நெற்றியைப் பலகையில் வைத்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சுடா மாக்கான்?"

சாப்பிட்டாயிற்றா?

"சுடா, சுடா," என்றது உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல். "செடாப் லா!"

ஆயிற்று, ருசியாக இருந்தது.

சிவகாமசுந்தரியின் கை கதவிலேயே இருந்தது. அவளுடைய தோள்கள் மெல்ல இறங்கின. முகத்தில் ஒரு சிரிப்பு வரத் தொடங்கியது.

"ஐஸ் ஆயேர் பாவா!" என்றது குரல். "ஐஸ் தண்ணி! ஒரே காரம்."

ராமச்சந்திரன் கதவைத் தள்ளித் திறந்தார். ஜெயபாலன் பூட்ஸோடு பாயில் சம்மணம் போட்டிருந்தார். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார். இலையில் திருக்கை முள்ளும், கறிவேப்பிலையும் மிச்சம். சுருட்டு அவருடைய சட்டைப் பையில்.

"இத்து ஓராங் மாத்தி பூஞா!" என்று கத்தினார் ராமச்சந்திரன். அது செத்தவருடையது!

"எந்த ஓராங் மாத்தி?" மருதமுத்து சொன்னது ஜெயபாலனுக்கு உண்மையிலேயே மறந்துபோயிருந்தது. "என் ரூம். பாய், விளக்கு, இலை, எல்லாம் தினம் வைக்கிற மாதிரிதானே வச்சிருக்கு? எனக்குன்னு நினைச்சேன்."

"வெளிய போறேன்னு சொன்னீங்களே சார்," என்றார் மருதமுத்து.

"பார்ட்டி வரல. வெயில்ல நிக்கச் சொல்றீங்களா? முன்னால ஒரே கூட்டம். குளிக்கிற ரூம் வழியா வந்தேன். ஏன், அது எனக்கு விட்ட கதவுதானே?" விரலை நக்கினார். "யாரு சமையல்? இந்தம்மாவா? கிச்சன்ல வச்சுக்கங்க தவுக்கே. உங்க ஆம்லெட்டை மனுசன் திம்பானா?"

"சார், அது அவங்க புருசனுக்கு வச்ச சோறு. தலைவருசம்."

ஜெயபாலன் இலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகத்தைத் துக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அது அவருக்குத் தொழிலில் பழக்கம். குரலும் தாழ்ந்தது.

"பாவம். பாலிசி ஏதும் எடுத்திருந்தாரா?"

அவளுக்குத் தமிழ் தெரியாதது ஒரு நன்மை. மருதமுத்து பெயர்த்துச் சொல்லவில்லை. இங்கேயே இன்னோர் இலை போடலாம் என்று மட்டும் மலாயில் சொன்னார். அவள் பாயில் சிந்திய பருக்கைகளையும் பூட்ஸ் தடத்தையும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எச்சில் பட்ட இடத்துக்கு அவரைக் கூப்பிட முடியாது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன்.

"தாவுன் டெப்பான் டியா தா தாவு ஜாலான்," என்றாள். அடுத்த வருடம் அவருக்கு வழி தெரியாது.

சட்டிகளை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். ஐந்தாம் அறையின் மூலைச் சுவர் வெளிப்புறம் எங்கே வருகிறது என்று கையால் தடவிப் பார்த்தாள். அவர் கிடந்த இடத்துக்கு அதைவிடப் பக்கமாகப் போக வழியில்லை. அங்கே மண்ணில் தண்ணீர் தெளித்து, புது இலை போட்டாள். சோறு இருந்தது. குழம்பு இருந்தது. இறால் சட்டியை வழித்து எடுத்து வைத்தாள்.

முற்றத்தைச் சாத்தக் கதவு இல்லை. அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டாள். ராமச்சந்திரன் பார்த்தார், அவரும் திரும்பினார். பிள்ளைகளைத் தோளைப் பிடித்துத் திருப்பினார். மருதமுத்து அசட்டுச் சிரிப்போடு திரும்பி நின்றார். கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த ஜாவாக்காரி, என்ன ஏது என்று தெரியாமலே, தானும் திரும்பி உட்கார்ந்தாள். எல்லோரும் இலைக்கு முதுகு காட்டிச் சும்மா இருந்தார்கள்.

ஐந்தாம் அறையின் ஜன்னல் திறந்தது. ஜெயபாலன் சட்டத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தீக்குச்சியால் பல்லிடுக்கில் இருந்த இறாலைக் குடைந்தபடி, கீழே இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.