புறாவுக்கும் தையல் விட வேண்டாமா

தையல் கடையில் என் அக்காவுக்குக் ‘கத்திரி’ என்று பெயர். பாதி அவள் கைக்கு, பாதி வாய்க்கு. துணி வெட்டும் மேசை அவளுடையது. பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் மூலை என்னுடையது.

ஒருநாள் அவள் வெட்டிய கோட்டுக்கு இரண்டு கையும் இடது கையாக வந்துவிட்டன. ஒன்றை வெட்டியபின் அளவு அட்டையைத் திருப்பிப் போட மறந்துவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், தேறவில்லை. அதற்குப் பிறகு கத்திரியை எடுத்தாலே கை நடுங்கும். கையில் ஒரு கோளாறும் இல்லை, மனதை வேறு எதிலாவது போடுங்கள் என்றார் டாக்டர். அக்கா தன் மகளின் பழைய நோட்டில், ஜன்னலுக்கு எதிரே உட்காரும் புறாக்களை வரைய ஆரம்பித்தாள்.

எல்லாப் புறாவும் குண்டு. உருவத்தைச் சுற்றி அரை விரல் தள்ளி இன்னொரு கோடு.

“இது என்னக்கா?”

“தையலுக்குத் துணி விட வேண்டாமா?”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பல மாதம் கழித்து அன்றுதான் வயிறு குலுங்கச் சிரித்தாள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு தினமும் வெயில், காற்று, புறா செய்த சேட்டை எல்லாம் படத்துக்குப் பக்கத்தில் எழுதினாள். சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. கத்திரி மட்டும் பணியவில்லை.

முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? ஒரு பெண், இறந்துபோன தன் அப்பாவின் கோட்டைத் தன் அளவுக்கு மாற்றக் கொண்டுவந்தாள். அதை முதலில் வெட்டியவள் அக்கா என்பதால் அவள்தான் வெட்ட வேண்டுமாம். தவறினால் மாற்றுத் துணி கிடையாது. வெட்டினால் மேசை உனக்கு, இல்லையென்றால் நாளைக்குப் புது ஆள் என்று முதலாளி முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். மனுஷனுக்குச் சோதித்துப் பார்க்க வேறு துணியா கிடைக்கவில்லை?

அக்கா பிரித்த துணியை விரித்து, சாக்பீஸால் குறித்து, கத்திரியை எடுத்தாள். கை நடுங்கியது. அந்தப் பெண் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அக்கா கத்திரியை வைத்துவிட்டு, ஜன்னலோரம் போய் நோட்டைத் திறந்தாள்.

“வெட்டச் சொன்னா படம் வரையறியா?” என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கொஞ்சம் சும்மா இருங்க” என்று சொல்லிவிட்டேன். என் வேலையும் அவர் கையில்தான் என்பது வாயை விட்டபின்தான் நினைவுக்கு வந்தது.

எதிரே புறா வெயிலுக்கு ஒரு இறக்கையைத் தூக்கியது. வரைந்தாள். அது நகர்ந்து மறு இறக்கையைத் தூக்கியது. பென்சில் நின்றது. எழுந்து வந்து மேசையையே பார்த்தவள், சாக்பீஸ் கோடு ஒன்றை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து அழித்தாள்.

“மறுபடியும் ரெண்டும் இடதுதான் போட்டிருக்கேன்,” என்றாள் மெதுவாக. “நல்லவேளை, கை நடுங்குச்சு.”

அட்டையைத் திருப்பிப் போட்டுக் குறித்தாள். கத்திரி நிற்காமல் ஓடியது. அக்கா வெட்டிய கைகளை முதலாளி எதிரெதிரே வைத்துப் பார்த்தார். ஒன்று இடது, ஒன்று வலது. புது ஆளைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை.

நோட்டை மூடி வைக்கப் போனேன். அன்றைய புறா ஒல்லியாக இருந்தது, சுற்றி இரண்டாவது கோடு இல்லை. தையலுக்கு விடவில்லை.