டோர்ஜியின் பாதி மூன்று

1. இருபது விரிப்பு

இருபது கட்டில் விரிப்புகளைக் காணவில்லை என்று சிஞ்ஞோரா கத்திய அன்று, என் பெர்மெசோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க இரண்டு கிழமைதான் இருந்தது. முதலாளியான அவர் வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைக்காவிட்டால் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் என்னைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலெர்மோ நகரின் கால்சாப் பக்கம் ஒரு லாண்டரி. ஹோட்டல் துணி வந்து இறங்கும்போது டோர்ஜி கீழே நின்று எண்ணிச் சொல்லுவார். நான் மேலே நின்று துண்டுச் சீட்டில் எழுதி டிரைவரிடம் கொடுப்பேன். ஹோட்டலில் அந்தச் சீட்டைத்தான் நம்புவார்கள்.

டோர்ஜி பூட்டான்காரர். யாரோ ஓர் இத்தாலியக் குடும்பத்துக்குச் சமைக்க வந்தவர். இத்தாலியனில் பத்துக்கு மேல் அவருக்கு எண் வராது. அவருடைய சோங்கா மொழியில் இருபது இருபதாக எண்ணுவார்களாம். ஓர் இருபதுக்குப் பெயர் ‘கே’. ‘கே இரண்டு’ நாற்பது, ‘கே மூன்று’ அறுபது. வந்த முதல் நாளே சொல்லித் தந்தார், பிடித்துக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

அந்தத் திங்கட்கிழமை, “கே, பாதி மூன்று” என்றார். மூன்றரை இருபது எழுபது என்று எழுதிவிட்டேன். கழுவித் திரும்பப் போனது ஐம்பது.

நாங்கள் எல்லோரும் கதைத்தது இத்தாலியனில். என் தமிழிலேயே எழுதுகிறேன்.

“சந்தையிலை வித்துப்போட்டாய்!” என்றார் சிஞ்ஞோரா, டோர்ஜியைப் பார்த்து. “நாளைக்குக் காலைமை இருபதும் வரவேணும். இல்லாட்டி நீ வராதை.”

டோர்ஜி விரல்களை மடக்கிக் காட்டினார். “முதல் கே முழுசு. ரெண்டாவது முழுசு. மூண்டாவதிலை பாதிதான் வந்தது. அவ்வளவுதான், சிஞ்ஞோரா.”

சிஞ்ஞோரா காதில் வாங்கவே இல்லை. அது ஐம்பது, எழுபது என்று எழுதியது என் பிழை என்று விளங்கியும், கடிதத்தை நினைத்துத் துண்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

2. ஒரு நாள் பிந்தி

அல்பெர்கேரியாப் பக்கம் இருந்த எங்கள் அறைக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன்.

“உனக்கென்ன விசரே? கடிதம் கைக்கு வரும்வரைக்கும் வாயைத் திறவாதை.”

“அந்தாள் களவெடுக்கேல்லையப்பா. நான்தான் பிழையா எழுதினது.”

“ஓம், சொல்லு. பிறகு அந்தாளோடை உனக்கும் வேலையில்லை.”

இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. என்மேலேயே எரிச்சலாக வந்தது.

விடிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். டோர்ஜி தன் வேலை உடுப்பை மடித்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“சிஞ்ஞோரா, பிழை என்னிலை,” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

சிஞ்ஞோரா துண்டுப் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கினார். “இனி நீயும் கீழை நிண்டு கழுவு.” கடிதத்துக்கு நான் மூன்று தரம் கெஞ்சவேண்டி வந்தது. தவணைக்கு முதல்நாள்தான் கையெழுத்து வைத்தார்.

அன்றைக்கே, வேலை உடுப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு தொட்டியடிக்கு வந்த டோர்ஜி கேட்டார். “உங்களுக்கு இது எப்ப விளங்கினது?”

“நேற்று. நீங்கள் விரல் மடக்கேக்கை.”

கையிலிருந்த துணியைப் பிழிந்து கூடையில் போட்டார். “ராத்திரி முழுக்க, ஊரிலை இருக்கிற மனிசிக்கு இதை என்னெண்டு எழுதுறது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்.”

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மற்றவர் எண்ணுகிற முறை உங்களுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தாலும் ஒருமுறை திரும்பக் கேளுங்கள். பிழை விட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். எழுபது என்று எழுதியதற்கு டோர்ஜி ஒருநாளும் என்னைக் கோபித்ததில்லை. அந்த லாண்டரியில் களவுபோனது அவருடைய ஓர் இரவு மட்டும்தான். எடுத்தது நான்.