கத்திரி வெட்டி எறிந்தது

என் தங்கையைக் கடையில் எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கடை என்றால் அப்பாவின் கல்யாண வீடியோ ஸ்டுடியோ. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். நாள் முழுக்க எடுத்த கல்யாணத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிடுவாள். கொட்டாவி, முறைப்பு, வாய் நிறையச் சோற்றோடு பேசும் மாமா எல்லாம் காணாமல் போயிருக்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் வாயெல்லாம் பல்லாகத் திரும்புவார்கள்.

அவளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப அப்பாவோடு மல்லுக்கு நின்றவள் நான். படம் எடுக்கும் படிப்பென்றால் போகட்டும், இல்லாவிட்டால் கடையிலேயே இருக்கட்டும் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். விண்ணப்பத்தில் படத் தயாரிப்புக்குக் கீழே இரண்டாவதாகவும் ஒன்றை எழுத வேண்டியிருந்ததால் 'திரைப்பட ஆய்வு' என்று எழுதி வைத்தோம். அது எந்த ஊர்ப் படிப்போ, யார் கண்டார்கள்.

நேர்முகத்தன்று எல்லோருக்கும் ஒரே காட்சிகளைக் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். பேருந்து நிலையத்தில் ஓர் அப்பா தன் மகளை வெளியூர் அனுப்புகிறார், அவ்வளவுதான். கூட வந்தவர்கள் கடைசி வரிசையில் உட்காரலாம் என்றார்கள்.

எங்கள் கத்திரி வெட்டிய துண்டில் அப்பாவும் மகளும் சிரித்தார்கள், கையசைத்தார்கள், பேருந்து புறப்பட்டது. கைதட்டலாமா என்று யோசித்தேன். பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பேருந்து போன பிறகு அந்த அப்பா தனியாக நின்றுகொண்டிருந்தாரே, அது எங்கே என்று கேட்டார்.

"அவர் மூக்கைத் துடைச்சிட்டே நிக்கிறாரு மேடம். பார்க்க நல்லா இல்ல. வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க."

"எந்த வீட்டுக்காரங்க?"

பக்கத்து நாற்காலியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்போல் இருந்தது எனக்கு. அடுத்து வந்த பையனின் துண்டில் அந்த அப்பா மட்டும் நின்றுகொண்டே இருந்தார். என் தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு பேராசிரியை அவளைக் கூப்பிட்டார். கை நன்றாகப் பழகியிருக்கிறது, தயாரிப்புப் பிரிவில் ஓர் இடம் தருகிறோம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவளோ, ஆய்வுப் பிரிவில் என்ன செய்வார்கள் என்று கேட்கிறாள். படங்களைப் பார்ப்பார்கள், பார்த்ததைப் பேசுவார்கள், எழுதுவார்கள் என்றார். கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். சீக்கிரம் சொல்ல வேண்டும், இந்த இடத்துக்கு வெளியே ஆள் காத்திருக்கிறது என்றார் அவர்.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்து உலுக்கினேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் எட்டி உதைப்பாயா என்று கேட்டேன். அப்பா கடையில் கட்டிப்போட்டுவிடுவார், என்னால் இன்னொரு தடவை சண்டை போட முடியாது என்றேன்.

"வெட்டத்தான் எனக்குத் தெரியுமேக்கா. எதை வெட்டக்கூடாதுன்னு தெரியல."

"அதுக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். "உன் கல்யாண வீடியோவை நான்தான் வெட்டினேன். உன் கார் போனதுக்கப்புறம் அம்மா வாசல்லயே உக்காந்து அழுதாங்க. முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு. நல்லா இல்லன்னு எடுத்துட்டேன்."

அம்மா போய் இரண்டு வருடமாகிறது. நினைப்பு வரும்போதெல்லாம் அந்த வீடியோவைத்தான் போட்டுப் பார்க்கிறேன். அதில் அம்மா சிரித்துக்கொண்டேதான் இருப்பாள். பெற்ற மகள் போகிறாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று எத்தனை நாள் அவளைத் திட்டியிருக்கிறேன். இருக்கும்போதும் திட்டினேன், போன பிறகும் திட்டினேன்.

"அந்தத் துண்டு எங்கடி?"

"அழிச்சாச்சுக்கா. அடுத்த கல்யாணத்துக்குக் கம்ப்யூட்டர்ல இடம் வேணும்னு அப்பவே அழிச்சிட்டேன்."

அவளை அறையத்தான் கை போனது. போன கை அவள் தோளில் கிடந்தது. இருவரும் அழுதோம். உள்ளேயிருந்து அவள் விண்ணப்ப எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"போ," என்றேன். "பார்க்கிற படிப்புதான் வேணும்னு சொல்லு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."