ஒரு கிள்ளு சத்தம்

"ஏண்டி, என் பெட்டியும் பாடுது, உங்க அம்மா கடைப் பெட்டியும் பாடுது. அதுக்கு மட்டும் ஏன் கார் விலை?"

சித்தி இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளி முடித்த கையோடு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அப்போது எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாது. அசட்டுச் சிரிப்பு சிரித்து வைத்தேன். சமையலறையில் ஒரு பாத்திரம் 'ணங்' என்று விழுந்தது. அம்மாவுக்கும் கேள்வி கேட்டுவிட்டது.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. அம்மாவுக்கு ஓரகத்தி. அவள் அம்மாவை வாய் நிறைய "அக்கா" என்பாள். அந்த "அக்கா"வைக் கேட்டாலே அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா வேலை பார்த்தது விலை உயர்ந்த ஸ்பீக்கர் செய்யும் ஒரு பழைய கம்பெனியின் ஷோரூமில். அங்கே உள்ள மரப்பெட்டிகள் என் உயரம் இருக்கும். முகப்பில் தங்க எழுத்தில் கம்பெனியின் பெயர். ஷோரூமின் பின்பக்கம் கேட்டுப் பார்ப்பதற்கென்று ஓர் அறை. தரையெல்லாம் கம்பளம், நடுவே ஒற்றை நாற்காலி. வருகிறவரை அதில் உட்காரவைத்து, அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அம்மா வெளியே வந்துவிடுவாள். "பாட்டு பேசும்போது நாம எதுக்குப் பேசணும்" என்பாள். அழுதுகொண்டே வெளியே வந்து வாங்கிப் போனவர்கள் உண்டாம்.

இந்தத் தொழிலில் ஒரு சின்னத் திருட்டுத்தனமும் உண்டு. அம்மா அதைக் 'கிள்ளு' என்பாள். இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது, விற்க நினைப்பதற்கு மட்டும் சத்தத்தை ஒரு கிள்ளு கூட்டி வைப்பது. சத்தம் கூடியது யாருக்கும் தெரியாது. "இதுதான் தெளிவா இருக்கு" என்பார்கள். எல்லாக் கடைகளிலும் இது நடக்கும். அம்மாவும் செய்திருக்கிறாள். "உப்பு மாதிரி. போட்டது தெரியக் கூடாது" என்பாள்.

சித்தி பேருந்து நிலையத்தில் ஒரு மடக்கு மேசை போட்டு இயர்போனும் போன் உறையும் விற்று ஆரம்பித்தவள். இப்போது சொந்தக் கடைகள், சொந்தப் பெயரில் உள்ளங்கை அளவு புளூடூத் பெட்டிகள். வேலையிலிருந்து திரும்பும்போது அம்மா தினமும் சித்தியின் கடைத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவாள். கேட்டால், "அங்க காய் நல்லா இருக்கும்" என்பாள். அந்தத் தெருவில் காய்கறிக் கடையே கிடையாது. கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். பார்த்துவிட்டு வந்தால் சுத்தமாக இறங்காது.

"எனக்கென்ன பொறாமை? நல்லா இருக்கட்டும்" என்பாள், யாரும் கேட்காமலே.

எனக்கும் அது தொற்றிக்கொண்டது. சித்தி மகள் புது ஸ்கூட்டரில் வந்து இறங்கினால் அதன் நிறம் நன்றாக இல்லை என்று அம்மாவிடம் போய்ச் சொல்வேன். அம்மாவின் முகம் மலரும். எங்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை.

சித்தி எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி கொடுத்திருந்தாள். அம்மா அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்துத் துணி போட்டு மூடிவிட்டாள். ஒரு நாள் நான் சீக்கிரம் வீடு திரும்பியபோது சமையலறையில் அது பாடிக்கொண்டிருந்தது. அம்மா அதைச் சுவரோரம் வைத்தாள், மேசை நடுவில் வைத்தாள், காதருகே பிடித்துக் கேட்டாள். என்னைப் பார்த்ததும், "மேளம் அடிச்சா தகரத்துல தட்டுற மாதிரி இருக்கு" என்றாள். ஆனால் சொன்ன குரலில் தெம்பு இல்லை. தனிக் குரல் பாடும்போது மட்டும் அதில் குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் கம்பெனி ஆட்டம் கண்டிருந்தது. பழைய வாடிக்கையாளர்களுக்குக் காது மந்தமாகிவிட்டது. அவர்களின் பிள்ளைகள் குடியிருக்கும் அடுக்குமாடிகளில் கொஞ்சம் சத்தம் வைத்தாலே பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள். பாலிஷ் போடும் கொட்டகையை மூடினார்கள், பிறகு மாடியை விற்றார்கள். ஒருவர் தன் அப்பா வாங்கிய ஸ்பீக்கர் ஜோடியைக் கொண்டுவந்து, "இதைச் செருப்பு ஸ்டாண்டா மாத்தித் தருவீங்களா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் சித்தி முதலாளியைப் போய்ப் பார்த்தாள்.

"பேரைக் கேக்குறா" என்றாள் அம்மா, அன்று வீட்டுக்கு வந்ததும். "அவ பிளாஸ்டிக் டப்பாவுல எங்க கம்பெனி பேர் போடணுமாம். அதுக்குப் பதிலா ஷோரூமையும் வேலை பாக்குறவங்களையும் அவளே பாத்துக்குவாளாம். என் கழுத்துச் சங்கிலியக் கேட்டிருந்தாக்கூடக் கழட்டிக் குடுத்திருப்பேன்."

"குடுத்திருக்க மாட்ட" என்றார் அப்பா.

"நீங்க உங்க தம்பி பக்கம்தானே பேசுவீங்க."

"நான் சங்கிலி பக்கம் பேசுனேன்."

முதலாளிக்கும் மனம் ஒப்பவில்லை. தாத்தா வைத்த பெயர். பழைய வாடிக்கையாளர்கள் சிலரை வரவழைத்து, திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகளையும் வைத்து, மூன்று பாட்டுகள் போட்டுக் காட்டுவது என்று முடிவானது. சித்தியின் பெட்டியைக் கேட்டு அவர்கள் முகம் சுளித்தால் பெயர் கிடையாது. கடையை மூடிவிடுவது. பாட்டைப் போடுவது அம்மாவின் பொறுப்பு. ஒன்று, இரண்டு என்று சொல்லி மாற்றும் பட்டனை அழுத்த என்னைக் கூட்டிப்போனாள்.

"இன்னைக்கு உங்க சித்தி மூஞ்சியப் பாரு" என்றாள் போகும் வழியில். பட்டுப் புடவை கட்டியிருந்தாள்.

ஸ்பீக்கர்களுக்கு ஈயம் வைத்துப் பழுது பார்க்கும் 'ஈயம்' அண்ணன் வயர்களைச் சொருகிவிட்டு எங்கள் அருகில் வந்து, "அக்கா, கடைய மூடிட்டா நான் வீட்ல உக்காந்து மாமியார் மிக்சிதான் ரிப்பேர் பண்ணணும். நல்லாப் போடுங்க" என்றார்.

முதல் பாட்டு மேளமும் வயலினும் நிறைந்தது. நான் "ஒண்ணு" என்று அழுத்தினேன், "ரெண்டு" என்று அழுத்தினேன். சத்த அளவைக் காட்டும் எண் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மரப்பெட்டி பாடும்போது அம்மா ஒரு கிள்ளு கூட்டினாள்.

வாடிக்கையாளர்களில் ஒரு பல் டாக்டர் இருந்தார். "சந்தேகமே வேண்டாம், ரெண்டாவதுதான். முதல்ல பாடுனது வாய்ல பஞ்சு வெச்சுப் பேசுற மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரெண்டாவதாகப் பாடியது எங்கள் மரப்பெட்டி.

அம்மா திரும்பிச் சித்தியைப் பார்த்தாள். பல வருடங்களாகக் காத்திருந்த பார்வை அது. ஆனால் சித்தி கோபப்படவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பரவால்லீங்க. இந்த மாதிரி பழைய பேர் நாலஞ்சு இருக்கு. வேற ஒண்ணு வாங்கிக்கிறேன். அக்கா, வீட்டுக்கு வாங்க."

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். "அப்ப மூடிடலாம்மா" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை. ஊசி போட்டுக்கொண்டு எழுந்தவர் போல இருந்தார்.

அம்மா திரும்பி ஈயம் அண்ணனைப் பார்த்தாள். பிறகு சித்தியைப் பார்க்காமலே சொன்னாள்.

"மூணு பாட்டுன்னு சொன்னோம். ஒண்ணுதான் ஆயிருக்கு. உக்காரு."

இரண்டாவது பாட்டை அவள் மாற்றினாள். மேசையில் எடுத்து வைத்திருந்த இசைத்தட்டைத் தள்ளிவிட்டு, ஒரு பெண்ணின் தனிக் குரலைப் போட்டாள். மேளம் இல்லை, வயலின் இல்லை. சித்தியின் பெட்டிக்கு எது வரும், எது வராது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? சின்னப் பெட்டி பாடும்போது எண்ணைப் பார்த்தேன். ஒரு கிள்ளு கூடியிருந்தது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். "பட்டனைப் பாரு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

பல் டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். "இப்ப முதலாவது. அந்தப் பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்து பாடுற மாதிரி இருக்கு. அட, இது சின்னதா?"

மூன்றாவதும் தனிக் குரல்தான். அதிலும் அம்மா அதையே செய்தாள். அதிலும் அவர்கள் சித்தியின் பெட்டியைத்தான் சொன்னார்கள். முதலாளி மறுபடியும் உட்கார்ந்தார். ஈயம் அண்ணன் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். சித்தி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சொன்னேன்ல" என்றாள் எல்லோருக்கும் பொதுவாக.

பெயர் கைமாறியது. இப்போது எல்லாத் தெருக்களிலும் அந்தத் தங்க எழுத்து பிளாஸ்டிக்கில் மின்னுகிறது. ஷோரூம் திறந்திருக்கிறது, மரப்பெட்டிகள் எப்போதாவது விற்கின்றன. புதுப் பெட்டிகளை ஊருக்கு விடும் முன் அம்மாதான் கேட்டுச் சொல்கிறாள். அம்மா வேலை பார்ப்பது சித்தியிடம். அவளுடைய வயிற்றெரிச்சல் ஒரு துளியும் குறையவில்லை. முன்பு அந்தத் தெரு வழியாகச் சுற்றிப் போய் எரிந்தாள், இப்போது உட்கார்ந்த இடத்திலேயே எரிகிறாள்.

போன மாதம் உறவுக்காரர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். சித்தி பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து, "கண்ணக் கட்டிட்டுக் கேட்டா அக்கா பெட்டி என் பெட்டிகிட்ட நிக்க முடியல. அக்காவே சாட்சி, இல்லக்கா?" என்றாள்.

"ஆமா" என்றாள் அம்மா. சித்திக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். டம்ளர் வழிந்து சித்தியின் புடவை நனைந்தது.

பேருந்தில் திரும்பும்போது நான் கேட்டேன். "நான் போய்ச் சித்திகிட்ட உண்மையச் சொல்லிடவா?"

"உங்க சித்திகிட்ட நீ வாயத் திறந்தா அப்புறம் என் மூஞ்சில முழிக்காத." கொஞ்ச தூரம் போனதும், "அவளுக்குத் தெரியணும்டி" என்றாள் ஜன்னலைப் பார்த்து. "ஆனா நாம சொல்லி இல்ல."

ஆகவே நான் சித்தியிடம் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதுகிறேன், அவ்வளவுதான். படித்தவர்கள் அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் சொல்லுங்கள், அவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் சித்திக்கு எல்லா இடத்திலும் ஆள் உண்டு.