ஏழு விசேஷத்துக்கும் ஒரே ராக் ஆல்பம்

மைக் செட் தொழிலில் விதி ஒன்றுதான்: விசேஷம் நன்றாக நடந்தால் வீட்டுக்காரருக்குப் பேர், கரண்ட் போனால் நமக்குப் பேர். என்னைப் போலவே குழாய் ஸ்பீக்கர் கட்டித் திட்டு வாங்கும் சகோதரர்களே, வயிறு வலிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். ஆனால் இப்போதே தர மாட்டேன். முதலில் ஒயர் இழுக்கணும், பாக்ஸ் அடுக்கணும், "செக், செக், மைக் டெஸ்டிங்" சொல்லணும். அப்புறம்தானே பாட்டு?

ப்ளஸ் டூ எழுதிவிட்டு ஏழுமலை அண்ணனின் சவுண்ட் சர்வீஸில் சேர்ந்தேன். ஊரில் யார் பேசினாலும் அதே குரலில் திருப்பிப் பேசுவேன் என்பதால், மரம் ஏறிக் குழாய் கட்டும் வேலையைச் சங்கருக்குக் கொடுத்துவிட்டு அறிவிப்புச் சொல்லவும் சத்தத்தை ஏற்றி இறக்கவும் என்னை மிக்சர் முன்னால் உட்கார வைத்தார். ராஜா நாற்காலி அது!

செங்கம் ரோட்டில் ஒரு கஃபேயில் ஸ்பீக்கர் மாட்டப் போனபோதுதான் அந்த ஆல்பத்தைக் கேட்டேன். பழைய ராக். ஒரே பேண்டு, ஏழு பாட்டு. ஒன்று ஊர்வல பேண்டு வாத்தியம், ஒன்று சர்ச் கொயர், ஒன்று பியானோ, ஒன்று பஜனை மாதிரி புல்லாங்குழல். நடு நடுவே கரண்டைத் தொட்ட மாதிரி ஒரு கிட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏழு குரலில் பேசுகிறானே, நம்ம ஆளுடா இவன்!

அண்ணனிடம் சொன்னேன். "வெள்ளைக்காரன் பாட்டா? வெறும் டமார் டுமீரு. அது மட்டும் என் பாக்ஸ்ல கேட்டுச்சி, மறுநாளே நீ மரம் ஏறு, சங்கரு மிக்சர்ல குந்தட்டும்" என்றார். அவ்வளவுதான், முடிவு பண்ணிவிட்டேன். என் போனில் இறக்கிய ஏழு பாட்டும் அவர் பாக்ஸிலேயே, அவர் பக்கத்திலேயே! இங்கிலீஷ் வார்த்தை வருகிற இடத்தில் பாட்டைக் குறைத்து, மைக்கில் யார் குரலிலாவது அறிவிப்பு. சங்கருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

இரண்டு தாய்மாமன்கள்

கீழ்பென்னாத்தூரில் காதுகுத்து. ஊர்வல பேண்டு பாட்டைப் போட்டேன். ட்ரம்பெட் பிளிறியது. "ஆந்திரா பேண்டு செட்டுண்ணா, புதுசு" என்றேன். அண்ணன் தலையாட்டிக்கொண்டே தாளம் போட்டார். குழந்தைகள் பந்தலுக்கு நடுவில் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டாவது நிமிஷம் பாடகன் வாயைத் திறந்தான். நான் பாட்டைக் குறைத்து, தாய்மாமனின் கரகரத்த குரலில், "எல்லாரும் மொதல்ல சாப்ட்டுட்டு வாங்க, ஆசாரி எங்கியும் ஓடிட மாட்டாரு" என்று அறிவித்தேன். கூட்டம் மொத்தமும் பந்திக்கு எழுந்தது. பந்தியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நிஜத் தாய்மாமன் கையில் வடையோடு எழுந்து நின்றார். "நான் இங்க குந்தி துன்னுனு இருக்கேன், அங்க பேசறது எந்த நானு?"

லீவு போடாத கொயர்

அடுத்த வாரம் ஒரு கிராமத்துச் சர்ச்சில் ஆண்டு விழா. கொயர் பாட்டு அதற்கென்றே செய்தது மாதிரி பொருந்தியது. மூன்று நிமிஷத்துக்கு வார்த்தையே கிடையாது, ஐம்பது பேர் சேர்ந்து வெறும் "ஆ..." தான். கண்ணை மூடிக்கொண்டு எல்லாரும் அப்படியே நின்றார்கள். கிட்டார் வெடிக்கப் போகும் நொடியில் நான் உபதேசியார் குரலில், "வெளியே பைக் நிறுத்தினவங்க கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்றேன்.

மாட்டினேன் என்றுதான் நினைத்தேன். கொயர் டீச்சர் நேராக என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "எப்படிப்பா ஐம்பது பேரும் ஒரே நாள்ல வந்தாங்க? எங்க கொயர்ல இருக்கறதே எட்டு பேரு, அதுல ரெண்டு பேரு எப்பவும் லீவு!"

அண்ணன் அழுத கதை

மஞ்சள் நீராட்டு விழா. சீர்வரிசைத் தட்டுகள் வரிசையாக வரும்போது பியானோவை விட்டேன். அதில் வார்த்தையே இல்லை, நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. பொண்ணோட அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். திரும்பிப் பார்க்கிறேன், ஏழுமலை அண்ணன் துண்டால் கண்ணைத் துடைக்கிறார்!

"யாருடா போட்டது இத?" என்றார். "யாரோ நம்ம பக்கத்து ஆளுதாண்ணா" என்றேன், முகத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு. உடனே அவர் போனை நீட்டி அதை ரிங்டோனாகப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். சங்கர் பந்தல் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினான். அண்ணன் அவனைப் பார்த்து மூக்கை உறிஞ்சியபடி கேட்டார், "நீயே சொல்லு சங்கரு, வெள்ளைக்காரனுக்கு இப்டி ஒரு பாட்டு போட வருமா?"

லூஸ் கனெக்ஷன்

நாலாவது பாட்டில்தான் சனி. கூழ் ஊத்துகிற திருவிழா. ஆரம்பத்தில் பம்பை மாதிரி அருமையான அடி. ஆனால் நான் அறிவிப்பு சொல்லி முடித்த பிறகும் கிட்டார் முடியவில்லை. "இன்னாடா கிர்ருங்குது?" என்றார் அண்ணன். "குழாய்ல லூஸ் கனெக்ஷன்ணா" என்றேன். அண்ணன் சங்கரை வேப்பமரத்தில் ஏற்றினார்.

சங்கர் ஒயரை முறுக்கினான். கிட்டார் நின்றது. இறங்கினான். கிட்டார் மறுபடி ஆரம்பித்தது. மறுபடி ஏறினான். மூன்றாவது தடவை உச்சிக் கிளையிலிருந்து எறும்பு கடிக்கக் கடிக்க அவன் கத்தினான், "டேய், ஒண்ணு அவன நிறுத்தச் சொல்லு, இல்ல என்ன எறங்கச் சொல்லு!"

கூடப் பாடிய அம்மா

ஐந்தும் ஆறும் இரண்டு கடைத் திறப்பு விழாக்களில் சத்தமில்லாமல் முடிந்தன. மிச்சம் ஒன்றே ஒன்று. பௌர்ணமி அன்று மத்தியானம், அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் அன்னதானப் பந்தல். புல்லாங்குழல் பாட்டைப் போட்டேன். "பஜனை கோஷ்டிண்ணா." அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னும் நாலு நிமிஷம், நான் ஜெயித்தேன்!

வார்த்தை வந்தது. பாட்டைக் குறைத்து, பந்தல் கமிட்டித் தலைவர் குரலில், "சாம்பார் சாதம் வாங்கறவங்க வரிசையில வாங்க" என்றேன். ஆனால் பாட்டு நிற்கவில்லை. பாக்ஸ் அமைதியாகத்தான் இருந்தது. வரிசையில் தொன்னையோடு நின்ற நரைமுடி வெள்ளைக்கார அம்மா ஒருவர், விட்ட இடத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். நான் இன்னும் சத்தமாக ரசத்தை அறிவித்தேன். அவரும் இன்னும் சத்தமாகப் பாடினார். மோரை அறிவித்தேன். அவர் கையைத் தூக்கிக்கொண்டு ஆடவே ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம பஜனை இந்தம்மாவுக்கு எப்டிடா தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் கையை நீட்டி, அவரே பாட்டை ஏற்றினார். பாக்ஸிலும் அதே இங்கிலீஷ், அந்த அம்மா வாயிலும் அதே இங்கிலீஷ். அண்ணன் என் போனை எடுத்துப் பார்த்தார். திரையில் ஏழு பாட்டும் வரிசையாக இருந்தன, ஏழுக்கும் ஒரே படம். நீட்டு முடி வைத்த ஐந்து வெள்ளைக்காரர்கள் ஏழு தடவை அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாவது பாட்டில், அதான் அவர் ரிங்டோனில், விரல் நின்றது. காது மடல் சிவந்தது. நான் எழுந்து ஓடுவதற்கு ஒரு காலை எடுத்து வைத்தேன்.

"நாளைக்கு நீதான் மரம் ஏறுற," என்றார் அண்ணன், பாட்டை இன்னும் ஒரு திருப்பு ஏற்றிக்கொண்டே. "ஆனா இப்ப அந்தம்மா பாடி முடிக்கற வரைக்கும் மைக்குல வாய வெச்சே, பல்ல ஒடச்சிடுவேன்."

ஊரில் எல்லார் குரலும் எனக்கு அத்துப்படி சகோதரர்களே, கையும் களவுமாக மாட்டிக்கொண்டவன் குரல் மட்டும் அன்றைக்கு எவ்வளவு முயன்றும் வரவே இல்லை.